பாலத்தின் மேல் வெயில்

அருங்காட்சியகத்தின் கழிவறைக்குள் மூன்றாவது முறையாகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள் பாப்பா. அவசரத்தில் பொத்தான் ஓட்டைக்குள் போகாமல் அடம்பிடித்தது. ஒரே காலையில் ஒரே பெண் திரும்பத் திரும்ப உள்ளே போய், ஒவ்வொரு தடவையும் வேறு நிறத்தில் வெளியே வந்தால் வாசலில் நிற்கும் காவலாளி என்ன நினைப்பார்? முதல் தடவை புன்னகைத்தார். அடுத்த தடவை தோள்பையை உற்றுப் பார்த்தார். இந்தத் தடவை பையைத் திறக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

"உள்ள என்ன, தறி போட்டு நெய்யிறியா?" என்று கதவுக்கு வெளியே இருந்து குரல் கொடுத்தாள் கலெக்டர். "மஞ்சளைப் போடு. தலையைப் பின்னாத, விரிச்சு விடு."

"அந்தக் காவலாளி என்னையே பார்க்குறாருக்கா."

"பார்த்தா பார்க்கட்டும். திருடுன சட்டையா அது? வா வெளியே."

கலெக்டர் நிஜக் கலெக்டர் இல்லை. பாப்பா தங்கியிருந்த மாணவர் விடுதியில் எதிர் அறைக்காரி. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். வேறொரு நாட்டில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் அம்மாவிடம் கற்ற தமிழ் அருவியாகக் கொட்டும். பொதுச் சமையலறையில் யார் பாத்திரம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும், குளிர்பெட்டியில் யாருக்கு எந்த மூலை என்று உத்தரவு போடுகிறவள் அவள்தான் என்பதால் அந்தப் பட்டப்பெயர். பாப்பாவும் நிஜமாகப் பாப்பா இல்லை. வயது இருபத்தொன்று. விலங்கியல் கடைசி வருடம். மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டில் படிக்க வந்தவள். வீட்டில் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதில், அந்தப் பாப்பாவுக்கு ஓட்டுப் போடும் வயது வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அன்று இருவரும் ஊர் சுற்றினார்கள். ஆற்றுப் பாலம், மணிக்கூண்டு, தாவரத் தோட்டம், பழைய கோட்டைச் சுவர், அருங்காட்சியகம். சுற்றினார்கள் என்று சொல்வதே தப்பு. ஊரை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்கியது. அதன் கீழ் நின்று கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்க விலங்கியல்காரிக்கு ஆசை.

"நிக்காத. கோட்டைச் சுவர்ல நிழல் விழுந்துடும்" என்று கலெக்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், தினம் ஒரு போட்டோ என்பது பெரியப்பா போட்ட நிபந்தனை.

பாப்பாவின் அப்பா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் கெட்டிக்காரர். அண்ணனின் முகத்தைப் படிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். வீடு பெரியப்பாவுடையது. மேலே அவர் குடும்பம், கீழே இவர்கள். கீழே இருப்பவர்கள் என்ன பேசலாம், எங்கே போகலாம், மகளை எதுவரை படிக்க வைக்கலாம் என்பதெல்லாம் மேலிருந்து படியிறங்கி வரும். அப்பா எல்லாவற்றுக்கும் "அண்ணே சொன்னா சரி" என்பார். அம்மா அதைக்கூடச் சொல்ல மாட்டாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கல்லூரி பாப்பாவைத் தேர்ந்தெடுத்தபோது பெரியப்பா ஜோசியரிடம் போனார். கடல் தாண்டிப் போகும் பெண்ணுக்குத் தண்ணீரில் கண்டம் என்றார் ஜோசியர். "நான் கடலை விமானத்துலதானே தாண்டுறேன், ஆகாயத்துல கண்டம்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு நியாயம் இருக்கும்" என்றாள் பாப்பா. அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள். கல்லூரிச் செயலாளரும் பெரியப்பாவும் தினம் காலையில் சேர்ந்து நடப்பவர்கள். "எங்க பொண்ணு திரும்பி வரட்டும்னு அப்பன்காரன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மறுநாளே கூப்பிட்டுக்குவோம்" என்று செயலாளரே வாக்குக் கொடுத்திருந்தார். படிக்கப் போகிறவள் படிக்கிறாளா என்று கேட்க ஆளில்லை. திருப்பிக் கூப்பிட வழி இருக்கிறதா என்பதில்தான் எல்லாருக்கும் அக்கறை.

"தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு குடும்பக் குரூப்ல உன் போட்டோ ஒன்னு வரணும். நீ எங்க இருக்கேன்னு அதுல தெரியணும். ஒரு நாள் வரலைன்னாலும் அப்பன் செயலாளர்கிட்ட பேசிடுவான்" என்றார் பெரியப்பா. "என்னடா?"

"அண்ணே சொன்னா சரி" என்றார் அப்பா.

பெரியப்பாவின் மகனும் இப்படித்தான் வெளிநாடு போய்ச் சில வருடம் இருந்தான். அந்தச் சில வருடத்தில் அவனிடமிருந்து வந்த போட்டோ ஒன்றே ஒன்று. அதிலும் அவன் இல்லை, அவன் வாங்கிய கார் இருந்தது. கார் பத்திரமாக இருக்கிறது என்று வீடே நிம்மதியாகத் தூங்கியது.

முதல் வாரங்களில் பாப்பா உள்ளதை உள்ளபடி அனுப்பினாள். அவள் உண்மையான வாழ்க்கை ஒரு கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்தது. பழைய தொழிற்சாலை நிலத்து மண்ணை நல்ல மண்ணோடு வெவ்வேறு அளவில் கலந்து தட்டுத் தட்டாக வைத்து, அதில் மண்புழு விட்டு, எந்த அளவு விஷத்தில் புழு தப்பி ஓடப் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தினமும் ஈரம் பார்க்க வேண்டும், நீர் தெளிக்க வேண்டும், புழுக்களை எடைபோட வேண்டும். ஒரு நாள் விட்டால் போச்சு. வேலை முடிந்தால் விடுதிச் சமையலறை, துணி துவைக்கும் அறை, படுக்கை. அடுக்கி வைத்த தட்டுகளின் முன்னால் கையுறையோடு நின்று அனுப்பிய போட்டோவுக்கு வந்த பதில்கள் இவை:

"மண்புழுவைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனே? நம்ம கொல்லைல தோண்டினா வருமே." இது பெரியம்மா.

"பின்னால நிக்குற நெட்டையன் யாரு?" இது பெரியப்பா.

நெட்டையன் அதே ஆய்வகத்து மாணவன். பாப்பா பாதுகாப்பாகத் தன் அறையில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பினாள். "எப்பப் பார்த்தாலும் ரூம். ரூமுக்குள்ளேயே என்ன பண்றா? ஊரைக் காட்டவே மாட்டேங்கறாளே" என்றார் பெரியப்பா. ஊரைக் காட்டுவதற்காகப் பகலில் ஓடிப்போய் மணிக்கூண்டின் முன் நின்றுவிட்டு வந்தாள். அன்று ஈரம் போதாமல் ஒரு தட்டுப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. பேராசிரியை கோபிக்கவில்லை. "இந்த வேலைக்கு உனக்கு நேரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி பாப்பாவின் தூக்கத்தைப் பல நாள் தின்றது.

விடுதிச் சமையலறையில் அழுதுகொண்டே பாத்திரம் கழுவியவளைப் பார்த்து விசாரித்த கலெக்டர், விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜாமீன்ல வந்த கைதிதான் தினம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். நீ என்ன கொலை பண்ணே?"

"பொண்ணாப் பிறந்தேன்க்கா."

"அதுக்குத் தண்டனை உண்டுதான். சரி, ஒரு ஞாயித்துக்கிழமை குடு. ஒரு மாசத்துக்குத் தேவையானதை ஒரே நாள்ல எடுத்துத் தர்றேன். உன்கிட்ட மொத்தம் எத்தனை சட்டை இருக்கு? என்னோடதும் சேர்த்துக்கலாம்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கலெக்டர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். எல்லாப் படத்திலும் சிரிக்காதே, சந்தேகம் வரும் என்றாள். ஒன்றில் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். ஒன்றில் கையில் குடையைக் கொடுத்தாள். மாலை அறைக்கு வந்ததும் எதற்குப் பின் எதை அனுப்புவது என்று வரிசை போட்டுக் கொடுத்தாள். பாலத்துப் படம் இரண்டு இருந்தது. நீலச் சட்டைப் பாலம் முதல் வாரம், மஞ்சள் சட்டைப் பாலம் கடைசியில்.

மறுநாளிலிருந்து பாப்பா நடுப்பகலில் ஆய்வகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் ஒரு படத்தை அனுப்பிவிடுவாள். அங்கே வீட்டில் அது விளக்கு வைக்கும் நேரம். குரூப் பூரித்தது. முகம் தெரியாத உறவினர்கள் எல்லாம் கைகூப்பினார்கள். பெரியம்மா ஒரு நாள், "இளைச்சுட்டேடி, சரியாச் சாப்பிடுறதில்லையா?" என்றாள். மறுநாள், "இப்பத்தான் முகத்துல சதை பிடிச்சிருக்கு" என்றாள். இரண்டும் அரை மணி நேர இடைவெளியில் எடுத்த படங்கள். கலெக்டர் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

பயம் புதுப்புது வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. சளிபிடித்துத் தொண்டை கட்டிய நாளில், தோட்டத்தில் பளிச்சென்று நிற்கும் படத்தை அனுப்பிவிட்டு, அம்மா கூப்பிட்டுவிடக் கூடாதே என்று கிடந்தாள். அனுப்பியதையே மறுபடி அனுப்பிவிட்டோமோ என்று பாதி வேலையில் மாடிக்கு ஓடி வந்து பார்த்தாள். பாதையில் யாராவது மஞ்சள் சட்டையோடு போனால்கூடத் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும்விட அம்மாவின் பதில்தான் முள்ளாகக் குத்தியது. அம்மா எந்தப் படத்துக்கும் ஒன்றையே கேட்பாள்: "சாப்பிட்டியா?" அதற்கு மட்டும்தான் பாப்பா நிஜமான பதில் எழுதினாள். அம்மா நிம்மதியாக இருக்கிறாள் அல்லவா, அது போதும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். கையில் இருந்த படங்கள் கரைந்துகொண்டே வந்தன. இன்னொரு ஞாயிறு வேண்டும் என்று கலெக்டரிடம் கேட்க நினைத்தபோது அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மேற்கே மலைப்பக்கம் சில நாளாகவே மழை என்று சொன்னார்கள். ஊருக்குள் வெறும் தூறல். பாப்பா விடியற்காலையிலேயே கீழ்த்தளத்துக்கு இறங்கியவள். அன்று எடைபோடும் நாள், எல்லாத் தட்டையும் பார்க்க வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. புழுவுக்கு இருட்டு வேண்டும் என்பதால்தான் அங்கே வைத்திருந்தார்கள். வெளியே உலகம் என்ன ஆகிறது என்று புழுவுக்கும் தெரியாது, பார்த்துக்கொள்பவளுக்கும் தெரியாது. நடுப்பகலில் மாடிப்படிக்கு வந்தாள். வரிசைப்படி அன்றைக்கு மஞ்சள் சட்டை, பாலம், முகத்தில் வெயில். அனுப்பினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, போனை மாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கீழே போனாள். விஷ மண் கையாளும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.

கையில் ஒரு புழுவோடு தராசின் முன் குனிந்திருந்தபோது காலணிக்குள் ஏதோ குளிர்ந்தது. தரையின் நடுவே இருந்த சாக்கடைச் சல்லடை வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், பால் பொங்குவதுபோல. ஆறு அந்தக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் ஓடுகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு யோசிக்க நேரமில்லை. அவள் போட்ட கூச்சலில் நெட்டையன் ஓடி வந்தான், பேராசிரியை வந்தாள், பக்கத்து அறைக்காரர்கள் வந்தார்கள். படியில் வரிசையாக நின்று தட்டுகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மேல் அடுக்குத் தட்டுகள் தப்பித்தன. கீழ் அடுக்கை எட்டுவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. தட்டுகள் மிதந்து, ஒன்றோடொன்று இடித்து, மண் கரைந்து, புழுக்கள் பழுப்புத் தண்ணீரில் நூல்நூலாக நெளிந்தன. பாப்பா வெறும் கையால் அவற்றை அள்ளி வாளியில் போட்டாள். கட்டடக் காவலாளி வந்து மின்சாரத்தை நிறுத்தி, எல்லாரையும் கிட்டத்தட்டக் கழுத்தைப் பிடித்து மேலே தள்ளும்வரை அள்ளினாள்.

அலமாரியைத் திறந்தபோது போன் துடித்துக்கொண்டிருந்தது. குரூப்பை மேலிருந்து படித்தாள்.

முதலில் பெரியம்மா: "மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாமா செய்திப் படம் ஒன்றைப் போட்டிருந்தார். அதே பாலம். கைப்பிடிக்கு மேல் பழுப்பு வெள்ளம் புரண்டது. பாலத்தில் நின்றவர்கள் சிலரைக் காணவில்லை என்று கீழே எழுத்து ஓடியது. "பாப்பா நிக்குறது இந்தப் பாலம்தானே?" என்று மாமா கேட்டிருந்தார். அதன் பிறகு எல்லாரும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியப்பா "பாப்பா எங்கே" என்று போட்டிருந்தார். குரூப்பில் "சாப்பிட்டியா" தவிர எதுவும் எழுதாத அம்மா வரி வரியாக எழுதியிருந்தாள்.

"பாப்பா போனை எடு."

"பாப்பா எடும்மா."

"மஞ்சள் சட்டை போட்டிருக்கா. முடி விரிச்சிருக்கா. வலது கையில வாட்ச். யாராவது அங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க."

பாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா பயப்படக் கூடாது என்பதற்காக எடுத்த படத்தைப் பார்த்து, அம்மா மகளின் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள், பிணத்துக்குச் சொல்வதுபோல.

கையிலேயே போன் மறுபடி அதிர்ந்தது. கலெக்டர்.

"எங்கடி இருக்கே?"

"லேப்லக்கா."

ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "உங்கப்பா மாணவர் அலுவலகத்துக்குப் போன் பண்ணியிருக்காரு. அவங்க மீட்புப் படைக்குச் சொல்லிட்டாங்க. ஆத்தங்கரையில மஞ்சள் சட்டை போட்ட பொண்ணைத் தேடிட்டு இருக்காங்க. நான் இப்போ அலுவலகத்துலதான் இருக்கேன். அந்தப் படம் பழசுன்னு சொல்லிட்டேன். நிறுத்தச் சொல்லிட்டாங்க. நீ முதல்ல வீட்டுக்குப் பேசு."

"நிஜமாவே ஆத்துல போனவங்களைத் தேட வேண்டிய ஆளுங்கக்கா."

"தெரியும். அதை அப்புறம் அழு. படம் எடுத்தது நானு, எனக்கும் சேர்த்து அழு. இப்போ வீட்டுக்குப் பேசு."

அம்மாதான் எடுத்தாள். திரையில் முகம் முழுதாக வரவில்லை. நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"அம்மா."

பின்னால் "இருக்காளா, இருக்காளா" என்று யார் யாரோ கேட்டார்கள். போன் கொஞ்சம் இறங்கியது. அம்மாவின் கண் பாப்பாவைத் தலை முதல் அளந்தது. சேறு பூசிய சாம்பல் நிற ஆய்வக உடுப்பு.

"மஞ்சள் சட்டை எங்கே?" என்றாள்.

"நனைஞ்சிடுச்சும்மா, மாத்திட்டேன்" என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபம். அம்மா நம்புவாள். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் இன்று அந்தப் பாலத்தில் நின்றவள் ஆகிவிடுவாள். வெள்ளத்தில் தப்பியவள் ஆகிவிடுவாள். ஜோசியர் ஜெயித்துவிடுவார். உண்மையைச் சொன்னாலோ, பொய்க்காரி. எந்தப் பக்கம் போனாலும் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"சட்டை ரூம்ல இருக்கும்மா. அது இன்னைக்கு எடுத்த படம் இல்லை. எல்லாமே ஒரே நாள்ல எடுத்து வச்சது."

அம்மாவின் கையிலிருந்து போனைப் பெரியப்பா வாங்கினார். "எல்லாமேன்னா?"

"ஒரு மாசமா அனுப்பினது எல்லாம் பெரியப்பா."

"அப்போ இத்தனை நாளா நீ எங்கதான் இருந்தே?"

"லேப்ல."

"லேப்ல இருந்தவளுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

"லேப்ல இருக்கேன்னு படம் போட்டேன், நெட்டையன் யாருன்னு கேட்டீங்க. ரூம்ல இருக்கேன்னு போட்டேன், உள்ள என்ன பண்றேன்னு கேட்டீங்க. ஊர் சுத்தினாத்தான் நான் ஒழுக்கமா இருக்கேன்னு நம்புனீங்க. எனக்கு ஊர் சுத்த நேரம் இல்லை பெரியப்பா. வேலை இருந்துச்சு."

"இரு இரு" என்று பெரியம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ நீ இளைச்சுட்டேன்னு நான் சொன்னது?"

"அதுவும் அதே நாள்தான் பெரியம்மா."

"சதை பிடிச்சிருக்குன்னு..."

"அதுவும்தான்."

பெரியம்மாவின் தலை திரையிலிருந்து மறைந்தது. பெரியப்பா குரலை உயர்த்தினார். "ஜோசியர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, தண்ணியில கண்டம்னு. வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு, முழங்கால் வரைக்கும். இந்தக் கட்டடத்துல இருந்த எல்லாருக்கும் வந்துச்சு. ஆத்துல நிஜமாவே சில பேர் போயிட்டாங்க. அவங்க எல்லாருக்கும் அந்த ஜோசியர் ஜாதகம் எழுதிக் குடுத்தாரா? மலையில மழை பெஞ்சா ஆறு ஏறும் பெரியப்பா. அதுக்கு என் ராசி எதுக்கு?"

"வாயைப் பாரு. டேய், கேட்டியா? நாளைக்குக் காலையில செயலாளரைப் பார்க்கிறோம். நீ ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த வாரம் இவ இங்க இருப்பா."

போன் அப்பாவின் பக்கம் திரும்பியது. அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றவில்லை. கண் வீங்கியிருந்தது. பாப்பாவுக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று மனப்பாடம். அந்த மூன்று வார்த்தையை அவருக்கு முன்னால் அவள் மனமே சொல்லிவிட்டது. படிக்கு மேலே தூக்கி வைத்த தட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"பாப்பா" என்றார் அப்பா. "அந்தப் புழுவெல்லாம் என்னாச்சு?"

அவளுக்குப் புரியவே ஒரு நொடி ஆனது. வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

"மேல் தட்டுல இருந்தது பிழைச்சுதுப்பா. கீழ இருந்தது எல்லாம் கலந்துபோச்சு."

"செத்துப்போச்சா?"

"சாகலை. எந்தப் புழு எந்த மண்ணுல இருந்ததுன்னு இனிமே தெரியாது. அதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது."

"மிச்சத்தை வச்சு முடிக்க முடியுமா?"

"தெரியலைப்பா. நிஜமாவே தெரியலை."

"டேய், நான் என்ன பேசிட்டிருக்கேன், நீ புழுவைப் பத்தி..."

"நீங்க செயலாளரைப் போய்ப் பாருங்கண்ணே" என்றார் அப்பா. அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் வரலை. அப்பன் சொன்னாத்தானே கூப்பிடுவாங்க? நான் சொல்லலை." பிறகு திரைப்பக்கம் திரும்பி, "முடிச்சுட்டு வா" என்றார். போன் யார் கைக்கோ மாறியது. படம் ஆடியது. பெரியப்பா படியேறிப் போகும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்டது.

அம்மா மறுபடி போனை வாங்கினாள். பாப்பா ஒரு சிரிப்பை எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

"இனிமே போட்டோ அனுப்பாதே."

"அம்மா, நாளையிலேர்ந்து நிஜமாவே..."

"அனுப்பாதேன்னா அனுப்பாதே. ஒரு மாசமா ஒவ்வொன்னையும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். உன் நகத்தைக்கூடப் பார்த்தேன். எல்லாம் ஒரே நாளாம்." அம்மாவின் குரல் உடைந்து, தன்னைத் தானே ஒட்டிக்கொண்டது. "பேசணும்னா போன் பண்ணு. சாப்பிட்டியா?"

"இல்லைம்மா. ரெண்டு வாய்தான்."

"போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

மாலையில் பாப்பா மாணவர் அலுவலகத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அங்கிருந்த அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. திட்டவில்லை, அவளுக்குப் புரியத்தான் இல்லை. "நீ வயது வந்தவள்தானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். கலெக்டர் ஏதேதோ விளக்கினாள். ஆற்றங்கரையில் தேடியவர்கள் எவ்வளவு நேரம் தேடினார்கள், அந்த நேரத்தில் வேறு யாரையாவது எடுத்திருக்கலாமா என்று பாப்பா கேட்டாள். "அதை யாரும் சொல்ல முடியாது" என்றாள் அதிகாரி. அந்தப் பதிலோடுதான் அவள் விடுதிக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

மறுநாள் நடுப்பகலில் பழக்கதோஷத்தில் கை போனுக்குப் போனது. படம் அனுப்பாமல் உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. குரூப்பில் ஓர் ஈ, எறும்பு இல்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். படம் இல்லாமல், வெறும் குரல்.

"என்னம்மா பண்றே?"

"என்ன பண்றேன், வேலைதான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பெரியப்பா?"

"மேல யாரும் எங்ககூடப் பேசுறதில்லை. நல்லதுதான், காது ஓய்வா இருக்கு."

"அப்பா?"

"அவரும் நல்லாத்தான் இருக்காரு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அந்த "நல்லாத்தான்" பாப்பாவின் காதில் இடறியது. அது எடுத்து வைத்து அனுப்புகிற வார்த்தை. அவளுக்குத் தெரியாததா.

"அம்மா, நிஜத்தைச் சொல்லு."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் தளும்பியது.

"மோட்டார் ஸ்விட்ச் மேலதானே இருக்கு, போட மாட்டேங்கறாங்க. காலையிலேர்ந்து அப்பாவும் நானும் தெருக்குழாய்லதான் பிடிக்கிறோம். கடைக்கு லீவு போட்டுட்டாரு. வேற வீடு பார்க்கணும்னு சொல்றாரு, கிடைக்குமோ என்னவோ." அம்மா மூச்சு வாங்கினாள். "இப்போ நிஜம் தெரிஞ்சிடுச்சா? நீ என்ன பண்ண முடியும் அங்கேயிருந்து?"

"ஒன்னும் முடியாதும்மா."

"அப்போ உன் வேலையைப் பாரு. நாளைக்கும் கூப்பிடு. நானும் உள்ளதைத்தான் சொல்வேன், நீயும் உள்ளதைத்தான் சொல்லணும். வைக்கிறேன், அடுத்த குடம் நிறைஞ்சிடுச்சு."

பாப்பா போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மேல்மாடி நடைபாதையில், சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, தப்பிய தட்டுகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். முதல் தட்டின் முன் மண்டியிட்டு, மண்ணை விரலால் மெல்ல விலக்கினாள். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.